மூச்சு தெரியாத பனி

பனியை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கணக்கு நோட்டின் அட்டையில். எழுபதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். 'சோவியத் நாடு' பத்திரிகையின் தாள் வழவழப்பாக, கனமாக இருக்கும்; லேசில் கிழியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பழைய பேப்பர் கடையில் அதற்குத்தான் கிராக்கி. என் நோட்டின் மேலே சில பிர்ச் மரங்கள், ஒரு மரவீடு, அதன் புகைபோக்கி. மற்றபடி அட்டையில் முக்கால் பங்கு வெறும் வெள்ளை. பெயர், வகுப்பு, பிரிவு எழுத அங்கே தாராளமாக இடம் இருந்தது, எழுதினேன். மார்கழி விடியலில் புல்மேல் இருப்பதும் பனி, அந்தப் படத்தில் இருப்பதும் பனி என்று தமிழ் ஒரே சொல்லைக் கொடுத்து வைத்திருந்ததால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் எனக்கு வெகுகாலம் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வெண்பனி என்றும் உறைபனி என்றும் எழுதிப் பார்த்தார்கள். நான் அதையும் புல்நுனியில்தான் வைத்து வாசித்தேன்.

பிறகு பனி புத்தகமாக வந்தது. பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை'. 1942இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு சோவியத் விமானி, நொறுங்கிப்போன கால்களோடு 18 நாள் பனிக்காட்டில் தவழ்ந்து உயிர் பிழைத்து, கால்களை இழந்த பின்னும் மறுபடி விமானம் ஓட்டியது உண்மையாக நடந்த சங்கதி. நாங்கள் அழுதுகொண்டே படித்தோம். இன்றைக்கும் அந்தப் புத்தகத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் அதில் பனி என்ன செய்கிறது என்று பாருங்கள். பனி அங்கே ஒரு பரீட்சை. மனிதன் அதைத் தாண்டிவிடுகிறான். தாண்டியபின் பனி கதையை விட்டு வெளியே போய்விடுகிறது. இதே கதையை புரக்கோஃபியெவ் இசைநாடகமாக்கினார். 1948 டிசம்பரில் லெனின்கிராடில் மூடிய அரங்கில் போட்டுக் காட்டியபோது இசை சரியில்லை, உருவவாதம் என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். பொதுமக்கள் அதை மேடையில் பார்க்க 1960 ஆயிற்று, அதற்குள் அவரும் செத்துப்போயிருந்தார். அங்கீகரிக்கப்பட்ட பனிகூட, சொல்லப்படும் விதம் கொஞ்சம் மாறினால் அங்கீகாரத்தை இழந்துவிடும்.

1988இல் என்று நினைவு. வங்கியில் வேலை பார்த்த தோழர் ஒருவர் வர்லாம் ஷலமோவின் கொலிமாக் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து சில பக்கங்களைச் செராக்ஸ் எடுத்து எங்கள் வாசகர் வட்டத்துக்குக் கொண்டுவந்தார். "ஒண்ணரைப் பக்கக் கதைதான் தோழர், வாசிச்சிட்டுப் பேசலாம்" என்றார். நான் சொன்னேன்: "இது பனிப்போர்ச் சரக்கு தோழர்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டு தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். அதில் ஒரு வரிகூட நான் படித்திருக்கவில்லை. பனிப்போர் என்ற சொல்லில் பனி இருக்கிறது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் நோட்டு அட்டைமீது எழுதிய பையன்தான் அன்றைக்கும் பேசினான் என்று இப்போது தோன்றுகிறது: வெள்ளையாக இருந்தால் அது எழுதுவதற்கான காலி இடம்.

இந்தக் கட்டுரை அந்த வெள்ளையைப் பற்றியது.

எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் ஒருவர் கட்சி மாநாடுகளுக்குப் படம் எடுப்பவர். அவர் சொன்ன தொழில் ரகசியம் ஒன்று உண்டு. "வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டைல நாப்பது பேர் நின்னா ரொம்பக் கஷ்டம் தம்பி. வேட்டி மடிப்பு தெரியணும்னா மூஞ்சி எல்லாம் கரியாப் போகும். மூஞ்சி தெரியணும்னா வேட்டி வெளுத்து ஒரே சுண்ணாம்பாயிடும். ரெண்டுல எது வேணும்னு மொதல்லயே முடிவு பண்ணிக்கணும்." லைட் மீட்டருக்கு உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல் நிறம். பனியை அதன் கணக்குப்படி எடுத்தால் அழுக்காக வரும். வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் ஒன்றோ இரண்டோ ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விட வேண்டும். பனிமேல் உள்ள காற்றின் வரிகளும் சுவடுகளும் தெரிய வேண்டுமா, மேலே நிற்கிறவனின் முகம் தெரிய வேண்டுமா? கருப்பு வெள்ளைச் சுருளில் இரண்டையும் முழுசாக வாங்குவது லேசில்லை. ஆக, பனிப்படம் எடுக்கிற எவரும் ஷட்டரை அமுக்குவதற்கு முன்பே முகத்துக்கும் வெள்ளைக்கும் இடையே ஒரு தேர்வைச் செய்துவிடுகிறார். அந்தத் தேர்வை அதிகாரம் தன் கையில் எடுத்துக்கொள்ளும்போது நிழற்படத்துக்கு என்ன ஆகிறது?

ஒரு சம்பவம். 1941 நவம்பர் 7, ஜெர்மானியர்கள் மாஸ்கோவை நெருங்கிவிட்ட நேரம். செஞ்சதுக்கத்தில் அணிவகுப்பு நடக்கிறது, பனி கொட்டுகிறது, படைகள் அங்கிருந்தே நேராகப் போர்முனைக்குப் போகின்றன. ஸ்டாலின் பேசுகிறார். பாதுகாப்புக்காக நேரத்தை முன்னால் தள்ளிவிட்டதில் பேச்சைச் சத்தத்தோடு படம்பிடிக்க முடியாமல் போய்விட்டது. அதனால் சில நாள் கழித்துக் கிரெம்ளினுக்குள் ஒரு மண்டபத்தில் லெனின் நினைவிடத்தின் முகப்பை ஒட்டுப்பலகையில் செய்துவைத்து, அதே பேச்சை மறுபடி பேசச் சொல்லி எடுத்தார்கள். அது மாஸ்கோ போர் பற்றிய ஆவணப்படத்தில் சேர்ந்தது. அதன் அமெரிக்க வடிவம் 1943இல் ஆஸ்கார் பரிசு பெற்ற ஆவணப்படங்களில் ஒன்று. படத்தில் ஒரு குறை. சுற்றிலும் பனி, சிப்பாய்களின் வாயிலிருந்து ஆவி வருகிறது, தலைவரின் வாயிலிருந்து வரவில்லை. மண்டபத்தின் சன்னல்களைத் திறந்து வைத்தும் பார்த்தார்களாம், நடக்கவில்லை.

இதில் மோசடி என்று குதிக்க ஒன்றும் இல்லை. அவர் பேசியது நிஜம், போர் நிஜம், செத்தவர்கள் நிஜம். பாசிசத்தை அந்தப் பனியில் வைத்துத்தான் முறித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் படச்சுருளில் உடல் உள்ளவர்களும் உடல் இல்லாத ஒருவரும் இருக்கிறார்கள். குளிர் ஒரு பகுதியினருக்கு மட்டும் நேர்கிறது. மூச்சு ஆவியாக வெளியே தெரிவதுதான் பனிப்படத்தில் ஒருவன் உயிரோடு இருப்பதற்கான அடையாளம். அதிகாரத்தின் பனிப்படத்தில் அதிகாரத்துக்கு மூச்சு இல்லை. இதே காலத்தில் கிழக்கே ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மூச்சை வைத்துக் குளிரை அளந்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அங்கே போவதற்கு முன் ஒரு கலைஞனைப் பார்த்துவிட வேண்டும்.

அலெக்சாந்தர் ரோத்செங்கோ. சோவியத் நிழற்படக்கலையின் பெரிய பெயர். காமிராவை வயிற்று உயரத்திலிருந்து எடுத்து மாடிக்கும் தரைக்கும் கொண்டுபோனவர். 1928இல் சோவியத் நிழற்படப் பத்திரிகையிலேயே அவரை மேற்கத்தியப் படங்களைக் காப்பியடித்தவர் என்று தாக்கினார்கள். 1930இல் இளம் பயோனியர் ஒருவனின் முகத்தைக் கீழேயிருந்து எடுத்ததற்காக, நம் பிள்ளையைக் கோணலாக்கிவிட்டான் என்ற பழி வந்தது. உருவவாதி என்ற முத்திரை குத்தியாயிற்று. முத்திரை குத்தப்பட்டவர் எங்கே போனார்? 1933இல் வெண்கடல் பால்டிக் கால்வாய்க்குப் போனார். 227 கிலோமீட்டர், 20 மாதம், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கைதிகள். கடப்பாறை, மண்வெட்டி, தள்ளுவண்டி. முகாம் ஆவணங்களின்படி செத்தவர்களே சுமார் 12,000. அங்கே எடுத்த படங்களை வைத்து அந்த ஆண்டு டிசம்பரில் 'கட்டுமானத்தில் சோவியத் ஒன்றியம்' இதழை அவரே வடிவமைத்தார். அகழிக்குள் கைதிகள் வேலை செய்ய, மேலே வாத்தியக்குழு வாசிக்கிற அந்தப் பிரபலமான படம் அவருடையது. கோணம் அற்புதம். மேலிருந்து பார்த்தால் மனிதர்கள் கோடுகளாகிவிடுகிறார்கள்.

1936இல் அவர் தன்னைக் கலைஞனாக மறுபடி வார்த்தது அந்தக் கால்வாய்தான் என்று எழுதினார். பயந்து எழுதினாரா, நம்பி எழுதினாரா என்ற கேள்வியை நான் கேட்கப்போவதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பது கட்சி வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கோர்க்கியை ஆசிரியராகப் போட்டு 36 எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய கால்வாய் வரலாறு 1934இல் வந்தது. அந்தக் கும்பலோடு ஷ்க்லோவ்ஸ்கியும் இருந்தார். அவர் தனியாக அங்கே போனதற்குக் காரணம் வேறு. அவருடைய தம்பியோ தமையனோ, கூடப்பிறந்தவர் ஒருவர் அங்கே கைதி. மூன்று வருஷத்தில் கூட்டாசிரியர்களில் இருவரையே கைது செய்தார்கள், புத்தகமும் நூலகங்களிலிருந்து மறைந்தது. அதிருப்திக்கு ஆளானவர் புகழ்பாடிப் பிழைக்கிறார். பிறகு புகழ்பாடிய பிரதியே அதிருப்திக்கு ஆளாகிறது. 'அரசியல் எதிர்ப்பைச் சந்தித்த இலக்கியம்' என்று ஒரு பட்டியல் போட்டு எல்லாவற்றையும் தியாகிகளாக்கிவிடுகிற நம் பழக்கம் இந்த இடத்தில் உதவாது.

சரி, கொலிமா. வடகிழக்குச் சைபீரியாவின் தங்கவயல். ஷலமோவ் அங்கே போய்ச் சேர்ந்தது 1937இல். அவர் யார்? முதல் கைது 1929இல், மாஸ்கோவில், ஓர் ரகசிய அச்சகத்தில். என்ன அச்சடித்தார்கள்? ஸ்டாலினை அகற்றச் சொன்ன லெனினுடைய கடைசி மடல். அதாவது நான் 'பனிப்போர்ச் சரக்கு' என்று கையை வீசித் தள்ளியது லெனினை அச்சடித்ததற்காக உள்ளே போன ஒருவனை. 1937இல் ட்ராட்ஸ்கியவாதி என்று ஐந்து வருஷம். 1943இல், நோபல் பரிசு பெற்றுப் பிரான்சில் இருந்த புனினை ரஷ்யாவின் பெரிய எழுத்தாளர் என்று சொன்னதையும் குற்றமாகச் சேர்த்து இன்னொரு பத்து வருஷம்.

அவருடைய 'தச்சர்கள்' கதையில் கைதிகளுக்குத் தெர்மாமீட்டரைக் காட்டுவதில்லை. காட்டி என்ன ஆகப்போகிறது, எந்தக் குளிரிலும் வேலைக்குப் போயாக வேண்டும். பழகினவர்களுக்கு உடம்பே போதும். மூடுபனி இறங்கியிருந்தால் மைனஸ் 40. மூச்சு சத்தத்தோடு வெளியே வருகிறது, ஆனால் இழுக்கக் கஷ்டமில்லை என்றால் மைனஸ் 45. சத்தமும் இருந்து மூச்சும் வாங்கினால் 50. 55க்கும் கீழே போனால் துப்பிய எச்சில் காற்றிலேயே உறைகிறது. கதை தொடங்கும்போது எச்சில் உறையத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டிருக்கிறது. தச்சு வேலை தெரியாத இரண்டு பேர் தெரியும் என்று பொய் சொல்லிப் பட்டறைக்குள் நுழைகிறார்கள், அங்கே அடுப்பு இருக்கிறது என்பதற்காக. தச்சனுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடுகிறது. இன்றைக்கும் நாளைக்கும் காய்ந்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறான். அவ்வளவுதான் கதை. மறுநாள் குளிர் மைனஸ் 30க்கு இறங்கிவிடுகிறது, குளிர்காலம் முடியப்போகிறது.

மைனஸ் 30இல் குளிர்காலம் முடிகிறது என்று எந்த நிழற்படம் சொல்லும்? மைனஸ் 30க்கும் 55க்கும் படத்தில் வித்தியாசம் கிடையாது, இரண்டும் வெள்ளை. காமிரா தானே அந்தக் குளிரில் செத்துவிடும், சுருள் கண்ணாடிபோல நொறுங்கும். சோல்ஷெனித்சினின் 'இவான் தெனீசவிச்' 1962 நவம்பரில் குருஷ்சேவின் சம்மதத்தோடு வெளிவந்தபோது ஷலமோவ் பாராட்டி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பாராட்டுக்கு நடுவே ஒரு குத்து: உங்கள் முகாமில் மருத்துவப் பகுதியில் ஒரு பூனை உலாவுகிறதே, நிஜ முகாமில் அதை எப்போதோ தின்றிருப்பார்களே என்ற பொருளில். இவான் தெனீசவிச்சின் காலைப்பொழுது மைனஸ் 27. ஷலமோவின் கணக்கில் அது வசந்தம். யாருடைய நரகம் பெரிது என்ற போட்டியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அனுமதிக்கப்பட்ட சாட்சியத்துக்கும் அனுமதிக்கப்படாத சாட்சியத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை டிகிரியில் அளக்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

கொலிமாவைக் காமிராவும் பார்த்தது. 1944 மே மாதம் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஹென்றி வாலஸ் அங்கே போனார். கூடவே ஆசிய நிபுணர் ஓவன் லாட்டிமோர். வருகைக்காகக் காவல் கோபுரங்களைப் பிரித்தார்கள், கைதிகளை வெளியே விடவில்லை, கடைகளில் சரக்கு நிரப்பினார்கள். அந்த வருஷ டிசம்பரில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழில் லாட்டிமோரின் கட்டுரை படங்களோடு வந்தது. திடகாத்திரமான சுரங்கத் தொழிலாளர்கள், அவர்களுக்கு வைட்டமின் கிடைக்கக் கண்ணாடி வீடுகளில் தக்காளி, வெள்ளரி. முதலாளித்துவத்தின் ஆகச்சிறந்த காமிரா போய் எடுத்ததும் ரோத்செங்கோ எடுத்த படம்தான். வாலஸ் 1952இல் தான் ஏமாந்ததை ஒப்புக்கொண்டார். லாட்டிமோரை 1950இல் மெக்கார்த்தி சோவியத் உளவாளி என்றார். என்னத்தைச் சொல்ல.

ஷலமோவிடம் இதற்கு ஒரு பதில் இருக்கிறது, வாலஸ் பெயரைச் சொல்லாமலே. போர்க்கால உதவியாக அமெரிக்காவிலிருந்து கொலிமாவுக்கு ஒரு புல்டோசர் வருகிறது. அதற்கு வந்த மசகைக் கைதிகள் வெண்ணெய் என்று பீப்பாயோடு தின்கிறார்கள். மலைச்சரிவில் ஒரு பழைய சவக்குழி திறந்துகொண்டு, 1938இல் செத்தவர்களின் உடல்கள் அழுகாமல் அப்படியே சறுக்கி வருகின்றன. நிரந்தரமாக உறைந்த மண் எதையும் அழியவிடுவதில்லை. புல்டோசரின் முதல் வேலை, அவர்களுக்குப் புதிய குழி வெட்டுவது. அமெரிக்கக் கண் பார்க்காததை அமெரிக்க எந்திரம் மறுபடி மூடுகிறது. ஆட்ஜே எடுத்த ஆளில்லாத பாரிஸ் தெருக்கள் குற்றம் நடந்த இடத்தின் படங்களைப் போல் இருக்கின்றன என்று பெஞ்சமின் கவனித்தார். அந்த வரியை எத்தனையோ முறை மேடையில் சொல்லியிருக்கிறேன். ஆளில்லாத பனிவெளிகளுக்கு அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. என் கணக்கு நோட்டு அட்டையில் ஆள் இல்லை.

அன்றைக்கு அந்தத் தோழர் வாசிக்கலாம் என்று சொன்ன ஒன்றரைப் பக்கக் கதை எது என்பது, பல வருஷம் கழித்துப் புத்தகத்தை வாங்கித் திறந்தபோதுதான் தெரிந்தது. முதல் கதையே அதுதான், 1956இல் எழுதியது. பாதையில்லாத பனிமீது பாதை போடுவது எப்படி என்று ஒரு வேலைக் குறிப்புப் போலச் சொல்கிறது. முதல் ஆள் முன்னே போகிறான், வேர்த்து ஊற்றுகிறது, இடுப்பளவு முங்குகிறான். பின்னால் ஐந்தாறு பேர் வரிசையாக வருகிறார்கள். அவர்கள் முதல் ஆளின் சுவட்டில் கால் வைக்கக் கூடாது. பக்கத்தில், யாரும் மிதிக்காத பனியில் மிதிக்க வேண்டும். சுவட்டிலேயே நடந்தால் ஒற்றையடித் தடம்தான் கிடைக்கும், பாதை கிடைக்காது. முதல் ஆள் களைத்தால் இன்னொருவன் முன்னால் வருகிறான். அப்புறம் டிராக்டரிலும் குதிரையிலும் வருகிறவர்களைப் பற்றி ஒரு வாக்கியம்: எழுதுகிறவர்கள் அதில் வருவதில்லை, வாசகர்கள்தான் வருகிறார்கள். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூசியது.

இந்தக் கதைகளுக்கு அவர் நாட்டில் என்ன கதி நேர்ந்தது? கவிதைகளைப் போட்டார்கள், 1961இல் தொகுப்பே வந்தது. கொலிமாக் கதைகளில் அவர் உயிரோடிருந்தபோது உள்ளூரில் அச்சேறியது ஒன்றே ஒன்று. 1965இல், கிராமப்புற இளைஞர்களுக்கான ஒரு பத்திரிகையில். அதுவும் ஒரு குள்ள மரத்தைப் பற்றியது. குளிர் வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து தரையோடு படுத்துக்கொள்ளும், பனி அதை மூடிவிடும், வசந்தம் வந்ததும் எழுந்து நிற்கும். நடுக்குளிரில் பக்கத்தில் நெருப்பு மூட்டினால் ஏமாந்து எழுந்துவிடும், நெருப்பு அணைந்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும். இயற்கை வருணனை என்று அனுமதித்தார்கள் போலிருக்கிறது. பனியும் மரமும் மட்டும் இருந்தால் யாருக்கு என்ன ஆட்சேபம்? நோட்டு அட்டைக்கும் அதே விதிதான்.

மேற்கு அவரை நன்றாக நடத்தியதா என்றால் அதுவும் இல்லை. 1966 முதல் நியூயார்க்கில் ஒரு ரஷ்யப் பத்திரிகை அவரைக் கேட்காமலே கதைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்துப் போட்டது. தொகுப்பின் வரிசைமுறைதான் தன் பிரதி என்று நினைத்தவர் அவர். 1972இல் சோவியத் இலக்கியப் பத்திரிகையில், இவர்களுக்கு நான் கதை கொடுக்கவில்லை, கொலிமாக் கதைகளின் பிரச்சினையை வாழ்க்கையே எப்போதோ தீர்த்துவிட்டது என்ற தொனியில் அவருடைய கடிதம் வந்தது. சகாக்கள் அவர் மண்டியிட்டுவிட்டார் என்றார்கள். முழங்கால் வரை பனியில் நின்றவனை மண்டியிட்டான் என்று வெதுவெதுப்பான அறையிலிருந்து சொல்வது எளிது. நானும் அப்படி ஓர் அறையில்தான் இருந்தேன், எதிர்ப்பக்கச் சாய்வோடு. முழுத் தொகுப்பு 1978இல் லண்டனில் ரஷ்ய மொழியில் வந்தது. 1982 ஜனவரிக் குளிரில் அவரை முதியோர் இல்லத்திலிருந்து மனநோயாளர் விடுதிக்கு மாற்றினார்கள். நிமோனியா. 17ஆம் தேதி செத்தார்.

மேற்குக்குத் தேவைப்பட்ட பனி வேறு. பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ' 1957இல் மிலானில் வந்ததும், 1958இல் நோபல் பரிசை அவர் மறுக்க நேர்ந்ததும், அமெரிக்க உளவுத்துறை அதன் ரஷ்யப் பதிப்பை அச்சடித்து விநியோகித்ததும் தெரிந்த கதை. 1965இல் டேவிட் லீன் படமாக்கினார். பனிக்காட்சிகளில் பெரும்பகுதி ஸ்பெயினில் எடுத்தது. சலவைக்கல் தூளைக் கொட்டி, தேன்மெழுகை உருக்கி ஊற்றிய பனி. நடிகர்கள் கம்பளிக்குள் வேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளை மிக அழகு. கிரெம்ளின் மண்டபத்தில் வராத ஆவி இங்கேயும் வராது.

ஷலமோவின் இன்னொரு சின்னக் கதையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். விறகு அறுத்துவிட்டு வரும் கைதிகள் ஒரு குப்பைமேட்டைக் கிளறுகிறார்கள். ஒருவனுக்கு ஒரு குழந்தையின் படம் வரையும் நோட்டு கிடைக்கிறது. கலர் பென்சிலால் வரைந்திருக்கிறது. மஞ்சள் வீடுகள், வீட்டைச் சுற்றி வேலி, முள்கம்பி, காவல்காரர்கள், நாய்கள். தேவதைக் கதையின் இளவரசன்கூடக் காதுமூடிய தொப்பியும் துப்பாக்கியும் வைத்திருக்கிறான். அந்தக் குழந்தை பார்த்த உலகம் அவ்வளவுதான், அதை அப்படியே வரைந்திருக்கிறது. எந்தக் காமிராக்காரரும் எடுக்காத கொலிமா அந்த நோட்டில் இருக்கிறது. கூட இருந்த கைதி, பீடி சுற்றப் பேப்பர் தேடியிருந்தாலும் பிரயோசனம் என்று சொல்லி, அதைப் பிடுங்கிக் கசக்கிக் குப்பையில் எறிகிறான். நோட்டின்மேல் பனி படியத் தொடங்குகிறது.

அந்த வங்கித் தோழர் ஓய்வுபெற்றுவிட்டார். போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். "அந்தச் செராக்ஸ் இருக்கா தோழர்?" என்று கேட்டேன். எந்தச் செராக்ஸ் என்றார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீடு மாத்தும்போது பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டிருப்பேன், ஏன், இப்ப வாசிக்கணுமா?" என்றார். பந்தி கூப்பிட்டார்கள், எழுந்து போனோம்.